ரிக்கெட்டி சார் வாயை மூடிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

மாட்டுங்காத் தமிழர்கள் அத்தனை பேருடைய இங்கிலீஷையும் தராசின் ஒரு தட்டில் கொட்டி, ரிக்கெட்டி சாரின் ஒரே ஒரு வார்த்தையை மறு தட்டில் வைத்தால், அவர் தட்டுதான் இறங்கும். அடித்துச் சொல்வேன்.

அறுபதுகளின் ஆரம்பம். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டெனோ, நான் குமாஸ்தா. அவரும் தங்கை ஜானுவும் இருந்த ஒற்றை அறைக்கு எதிர் மாடியில் நான் இருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எனக்குக் கடைசி வரை தெரியாது. தபால்காரன் கூட ரிக்கெட்டி சார் என்றுதான் கூப்பிடுவான்.

காபி ஹோட்டலில் உட்காரும் முன் பெஞ்சின் காலை அசைத்துப் பார்ப்பார். ஆடினால் “ரிக்கெட்டி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே காபி குடிப்பார். ஒரு நாள் அவருடைய பழைய குடையைப் பார்த்து, நாமும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துவிடுவோமே என்று, “குடை ரிக்கெட்டி ஆயிடுத்தே சார்” என்றேன். வந்தது பாருங்கள் கோபம்!

“ஓய், பழசெல்லாம் ரிக்கெட்டியா? அப்போ உம்ம தாத்தாவும் ரிக்கெட்டியா? ஆடறதெல்லாமும் ரிக்கெட்டி இல்லே. தென்னை மரம் ஆடறது, அது ரிக்கெட்டியா? செஞ்சவன் ஒழுங்காச் செய்யாததனால ஆடணும். எப்போ விழுமோன்னு நிக்கணும். அதுக்குத்தான் அந்த வார்த்தை. மத்ததுக்கெல்லாம் அதை இழுக்காதேயும்!”

தாராவியில் காதர் பாய் என்று ஒரு திருநெல்வேலிக்காரர் மரப் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாற்காலி வாங்க இவர் அங்கே போய், மத்தியானம் பூராவும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்ன வே, நாற்காலி வாங்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா?” என்றார். கடைசியில் ஒன்றில் உட்கார்ந்து இவர் தலையை ஆட்டினதும், அதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா என்று பாய் பட்டறைக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த வாயால்தான் ஜானுவின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. முதலில் வந்த பையனின் அப்பா, ஆபீஸ் பிரிவுபசாரத்துக்குத் தான் எழுதிய இங்கிலீஷ் பிரசங்கத்தை நம் ஆளிடம் வாசித்துக் காட்டி, “எப்படி?” என்றார். “ரிக்கெட்டி சார். ஆரம்பம் கிழக்கே பாக்கறது, முடிவு மேற்கே பாக்கறது. நடுவிலே தாங்கறதுக்கு ஒண்ணுமே இல்லே.” போயிற்று. அடுத்து வந்த பையன் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கும் தன் திட்டத்தை விஸ்தாரமாக விளக்கினான். அதுவும் ரிக்கெட்டி. அதுவும் போயிற்று. இரண்டிலும் அவர் சொன்னது சரிதான் என்பது வேறு விஷயம்.

மூன்றாவதாகத் திலக் நகரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் தங்கமான பையன். எங்களை ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போது ஜானு அண்ணாவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

“அண்ணா, நீ சொல்றது தப்புன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? ஆனா எனக்கும் வயசாறது. இன்னிக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாதே. என் தலைமேல சத்தியம் பண்ணு.”

அவர் பண்ணினார்.

பையனின் அப்பா எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். “இந்த மாடி பூரா நானே நின்னு கட்டினது. கொத்தனாரும் கிடையாது, ஆசாரியும் கிடையாது!” என்று பெருமையாகப் பால்கனியைக் காட்டினார். ரிக்கெட்டி சார் மரக் கிராதியில் கை வைத்தார். அது அவர் கையோடு முன்னும் பின்னும் போய் வந்தது. அவர் முகம் சிவந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து முட்டுவது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“என்ன, ஒண்ணும் சொல்லலையே?” என்றார் வீட்டுக்காரர்.

“நன்னா இருக்கு” என்றார் ரிக்கெட்டி சார்.

கல்யாணம் நடந்தது. ஜானு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்த கையோடு காதர் பாயைக் கூட்டிக்கொண்டு கிராதியைச் சரி செய்யத் திலக் நகர் போனார் அண்ணன். “என் வீட்டுக்கா நொட்டை சொல்றேள்? அன்னிக்கு நன்னா இருக்குன்னு சொன்னது நீங்கதானே?” என்று மாமனார் குதித்தார். ஜானு வாசல் வரை வந்து, “விடு அண்ணா. எல்லாரும் என்னை நன்னா வெச்சுண்டிருக்கா. நீ கெடுத்துடாதே” என்று கெஞ்சி அனுப்பிவிட்டாள். பாய் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாராம்.

அந்த வருஷத்து மழை பிடித்துக்கொண்ட முதல் நாள், கொடியில் காய்ந்த புடவையை எடுக்க ஜானு கிராதியில் சாய்ந்திருக்கிறாள். கிராதியோடு கீழே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனார் தலையில் அடித்துக்கொண்டு, “எல்லாம் விதி, விதி” என்று புலம்பிக்கொண்டிருந்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ரிக்கெட்டி சார் வாயையே பார்த்தார்கள். இன்றைக்குச் சொன்னால் யார் தடுக்கப் போகிறார்கள்? அவர் மெதுவாகப் போய் அந்த மனிதர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“மாமா, உங்களுக்குத் தெரியலே. தெரியாம கட்டினேள். எனக்குத் தெரிஞ்சுது. கையை வெச்சுப் பாத்தேன். பாத்துட்டும் நன்னா இருக்குன்னேன்.”

அவ்வளவுதான். அப்புறம் அந்த வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. ஆடுகிற பெஞ்சிலேயே உட்கார்ந்து காபி குடித்தார். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்காது.

ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் சுத்தியலும் பை நிறைய ஆணியுமாகக் கிளம்பிவிடுவார். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, “ஒரு நிமிஷம். உங்க பால்கனியைப் பாத்துட்டுப் போயிடறேன்” என்பார். சிலர் திருடன் என்று விரட்டினார்கள். சிலர் உள்ளே விட்டுவிட்டு, கூடவே சமையலறை அலமாரியையும் சரி பண்ணச் சொன்னார்கள். அதையும் பண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். பட்டறையில் யாரோ, “பாகல் ஹோ கயா பேச்சாரா” என்றான். காதர் பாய்க்கு வந்ததே ஆத்திரம்! “யாரைல பைத்தியங்க? அவரு ஆணி அடிக்காரு, அடிக்கட்டும். ஒனக்கு எங்க வலிக்கி?” என்று சத்தம் போட்டுவிட்டு, இன்னொரு பொட்டலம் ஆணியை அவர் பையில் போட்டார்.

எனக்குக் கல்யாணமாகி மனைவியை அழைத்து வந்தேன். வருவதற்கு முந்தின வாரமே எங்கள் பால்கனிக்கு அவர் இரும்புப் பட்டையெல்லாம் அடித்து முடித்துவிட்டார். யானையைக் கட்டினாலும் அசையாது. அவள் வந்து சேர்ந்த மறுநாள் காலை, நான் லீவில் வீட்டில் இருந்தேன்; துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“யாரு அது? ஆபீஸ் பையும் கையுமா கீழே நின்னுண்டு, நம்ம பால்கனியையே பாத்துண்டிருக்கார்?”

எட்டிப் பார்த்தேன். தெரு நடுவில் நின்றிருந்தார். அவருடைய ரயில் போயே போயிருக்கும். பையைக் காலடியில் போட்டிருந்தார்; கைகள் இரண்டும் ஏந்திப் பிடிப்பதுபோல் லேசாக முன்னால் நீண்டிருந்தன.

“நம்ம மனுஷர்தான்” என்றேன். “நீ பயப்படாம துணியை உலர்த்து.”