தங்கம் டீச்சர் சாயா போடவில்லை

ஒரு சங்கத்தின் வரலாற்றை நாடகமாகப் போட ஆசைப்படுகிறவர்கள், அந்த வரலாற்றில் வரும் யாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை நான் மேடையில் நின்றுகொண்டு, கையில் தட்டுடன், நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொண்டேன்.

நான் மட்டாஞ்சேரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். எங்கள் குடும்பம் கொச்சிக்கு வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்பது வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சாதாரணமாகத் தமிழ் பேசுவோம், சண்டை முற்றினால் மலையாளத்துக்கு மாறுவோம். தமிழ் எழுத அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். (ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது இன்றும் எனக்கு ஓர் ஊகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் உண்டு. ஆசிரியர்களே தொடங்கியது. எங்கள் சேமிப்பை அதில் போட்டு, அதிலிருந்தே கடன் வாங்கிக்கொள்வோம். ஒருவருக்கு இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 'சொசைட்டி' என்றால் எல்லோருக்கும் புரியும். என் கல்யாணமே சொசைட்டிக் கடனில் நடந்ததுதான். எனக்காகக் கையெழுத்துப் போட்ட இரண்டு டீச்சர்களும் பந்தியில் உட்கார்ந்து, தாங்கள் எதற்கு ஜாமீன் நின்றோம் என்று தெரிந்துகொள்வதுபோல என் கணவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே பாயசம் குடித்தார்கள்.

அந்தச் சொசைட்டிக்கு வைர விழா வந்தது. செயலாளர் சுதாகரன் மாஷ் (இங்கே ஆண் ஆசிரியர்கள் எல்லோரும் மாஷ்) என்னைக் கூப்பிட்டு, "கோமதி டீச்சரே, சொசைட்டி தொடங்கின கதையைப் பத்து நிமிஷம் வாசிக்கணும். சின்னதா மதி, அதுவே போதும்," என்றார்.

சின்னதாகச் செய்வது என் சுபாவத்திலேயே இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பள்ளியில் கை கழுவுவதைப் பற்றி நான் எழுதிய நாடகம் பரிசு வாங்கியிருந்தது. கிருமியாக நடித்த குழந்தையைப் பார்த்து முதல் வரிசைக் குழந்தைகள் அழுதார்கள். அதிலிருந்து என்னை நான் ஒரு நாடக ஆசிரியையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு, சொசைட்டியின் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் எனக்கு ஒரு கண்.

"வாசிச்சா எல்லாரும் தூங்கிடுவாங்க மாஷே. நாடகமாப் போடலாம்," என்றேன்.

சொசைட்டியைத் தொடங்கியவர்களில் இருவர்தான் இன்னும் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் கும்பளங்கியில் இருந்த பௌலோஸ் மாஷ். மற்றவர் பள்ளுருத்தியில் இருந்த தங்கம் டீச்சர், எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம். இரண்டு பேருக்கும் எண்பது தாண்டியிருந்தது.

முதலில் கும்பளங்கிக்குப் போனேன். பௌலோஸ் மாஷ் வீட்டில் கப்பைக் கிழங்கும் கரிமீன் பொரித்ததும் வைத்தார்கள். நான் சாப்பிடச் சாப்பிட அவர் கதை சொன்னார். ஒரு மாலை, ஆசிரியர்கள் சிலர் தங்கம் டீச்சரின் வீட்டு வராந்தாவில் கூடுகிறார்கள். கடனுக்கு வெளியில் போய்க் கைகட்டி நிற்கிறோமே என்று வருந்துகிறார்கள். நமக்கு நாமே கடன் கொடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை பிறக்கிறது. யாருக்குப் பிறந்தது என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கூடித்தான்," என்றார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவருக்குத்தான் பிறந்தது என்று எழுதிக்கொண்டேன்.

"தங்கம் டீச்சர் என்ன செய்தாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "டீச்சர் எல்லாருக்கும் சாயா கொண்டுவந்து தந்தாங்க. நல்ல சாயா." (இங்கே டீயைச் சாயா என்போம்.)

மூன்றாவது கரிமீனை அப்போதுதான் தட்டில் வைத்தார்கள். அந்த நிலையில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

பள்ளுருத்திக்கும் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் சுதாகரன் மாஷ் தடுத்துவிட்டார். "டீச்சருக்கு இப்ப ஓர்மை தீரெ இல்லை. போன மாசம் ஒரு கல்யாணத்துல என்னையே தெரியலை. முகத்தைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிட்டாங்க. பாவம்." ஞாபகம் போனவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். (வெயிலும் அன்று கொஞ்சம் அதிகம்.)

நாடகம் தயாரானது. பௌலோஸ் மாஷாக நடிக்க சுதாகரன் மாஷே முன்வந்தார். அவருக்கு ஒரு பழக்கம்: மனப்பாடம் செய்ததை நடுவில் நிறுத்தத் தெரியாது. ஒத்திகையில் ஒருமுறை கரண்ட் போனது. இருட்டிலும் வசனம் வந்துகொண்டே இருந்தது. கம்பீரமாக இருக்கட்டும் என்று அவருக்கு ஒரு ஒட்டு மீசை வைத்தேன். தங்கம் டீச்சராக நடித்தது நான். ஒரே ஒரு வசனம்தான்: "நல்ல யோசனை மாஷே, சாயா ஆறிப்போகும்." எழுதியவளே பெரிய வேடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பக்கத்துக் கடையில் நிஜ சாயா, அதுவும் கண்ணாடிக் கிளாஸில், சொல்லி வைத்திருந்தேன்.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கூட்டுறவுத் துறையிலிருந்து வந்த ஓர் அதிகாரி, அவருக்கு அடுத்து பௌலோஸ் மாஷ். மூன்றாவது வரிசையில் என் கணவர் சுந்தரம், வீடியோ எடுக்கத் தயாராகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி. திரை விலகும் நேரத்தில், வெள்ளைச் சேலை கட்டிய ஒல்லியான ஒரு அம்மாள் பேரனுடன் வந்து பௌலோஸ் மாஷுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரென்று எனக்குத் தெரியவில்லை. நல்ல முகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

சுதாகரன் மாஷ் கணீரென்று தொடங்கினார். ஆசிரியர்களின் துயரம், கைகட்டி நிற்கும் அவலம், விடிவெள்ளி. மலையாளத்தில் அதெல்லாம் இன்னும் உருக்கமாக இருக்கும். சரியான நேரத்தில் நான் தட்டை ஏந்திக்கொண்டு, தலை குனிந்து, வெட்கத்தோடு நுழைந்தேன். (வெட்கம் என் சொந்தக் கற்பனை.)

"ஆஹா, தங்கம் டீச்சர் நல்ல சாயா கொண்டுவந்துவிட்டார்," என்றார் சுதாகரன் மாஷ்.

"யாரு? நானா?"

குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. தமிழில் வந்தது. நான் நின்றுவிட்டேன்.

வெள்ளைச் சேலை எழுந்திருந்தது. "நான் எங்கே சாயா போட்டேன்? எனக்குச் சாயா போடத் தெரியாது. இப்பவும் தெரியாது. இவன்கிட்டக் கேளுங்க," என்று பேரனைக் காட்டினார். பேரன் தெரியாது என்பதுபோலத் தலையாட்டினான்.

அந்தக் குரல் உயர்ந்ததும் இன்னொன்று நடந்தது. மண்டபத்தில் நடுவயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். எல்லோரும் ஒருகாலத்தில் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மற்றவர்கள் தேசிய கீதமோ என்று நினைத்து எழுந்தார்கள். அதிகாரியும் எழுந்தார்.

தங்கம் டீச்சர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி மேடைக்கே வந்துவிட்டார். நேராக என் முன்னால் வந்து நின்றார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பெரியவர்களைக் கண்டால் கைகூப்ப வேண்டும் என்று வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். கூப்பினேன்.

கையில் தட்டு இருந்தது என்பது கூப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கிளாஸ்கள் உடைந்த சத்தம் மண்டபத்தின் கடைசி வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். சாயாவில் பெரும்பகுதி சுதாகரன் மாஷின் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் இறங்கியது. அவர் துள்ளி எழுந்தார். எழுந்தவர், வசனத்தை விடவில்லை. "நமக்கு நாமே துணை. நமக்கு நாமே ஒளி," என்று வேட்டியை உதறிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கம் டீச்சர் அவரைப் பார்த்தார். "நீ யாரு?"

"நான் பௌலோஸ் மாஷ்."

"மாஷ் அங்கே உட்கார்ந்திருக்கார்."

"நான் அந்தக் காலத்து மாஷ்."

"அந்தக் காலத்து மாஷுக்கு மீசை கிடையாது. எடு."

சுதாகரன் மாஷ் மீசையை எடுத்தார். வேறு வழியில்லை, அந்தக் குரல் அப்படி. எடுத்த மீசையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஓ, சுதாகரனா," என்றார் டீச்சர். "உன்னை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதனாலதான் அன்னைக்குக் கல்யாணத்துல பேசலை."

நான் திரையைப் பார்த்தேன். திரையை இழுக்க வேண்டியவர் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"மோளே, அந்தத் தட்டைக் கீழே வை," என்றார் டீச்சர் என்னிடம். பிறகு மைக்கைப் பிடித்து, மலையாளத்துக்கு மாறி, நடந்ததைச் சொன்னார்.

வராந்தாக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். கடனுக்குப் போன இடத்தில் ஜாமீன் கேட்டார்கள். அப்பா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. கூட வேலை பார்த்த பௌலோஸ் மாஷ் நல்லெண்ணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓடு மாறுவதற்குள் ஊர் பேச ஆரம்பித்தது. டீச்சர் வீட்டுக் கூரைக்கு மாஷ் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வராமல் நின்றுவிட்டார்கள்.

"நான் நேரா ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். எல்லா மாஷும் இருந்தாங்க. கையெழுத்தைத் திருப்பி எடுங்கன்னேன். எடுக்க முடியாதுன்னார் பௌலோஸ் மாஷ். அப்படீன்னா இங்கே இருக்கற எல்லாரும் எல்லாருக்கும் போடுங்க. ஒருத்தர் போட்டாத்தானே ஊர் பேசும், பத்துப் பேரும் மாத்தி மாத்திப் போட்டா யாரைப் பத்திப் பேசும்? அப்படித்தான் சொசைட்டி வந்தது. சாயாவெல்லாம் ஒண்ணும் இல்லை. அன்னைக்கு யாருக்கும் தண்ணிகூட கிடைக்கலை."

நான் தரையில் குந்தி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலிருந்து பௌலோஸ் மாஷின் முகம் நன்றாகத் தெரிந்தது. காது வரை சிவந்திருந்தது.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "மாஷே, ஏன் இப்படிச் சொன்னீங்க?"

மாஷ் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். "டீச்சர்தானே அன்னைக்குச் சொன்னது? இந்த விஷயத்துல என் பேரு எங்கேயும் வரக்கூடாது, யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு."

"அது என் கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது. இப்ப என் பேரனுக்கே கல்யாணம் ஆயாச்சு."

"பின்னே டீச்சர் ஒண்ணும் மாத்திச் சொல்லலையே," என்றார் மாஷ். "நானும் யாருகிட்டயும் சொல்லலை. ஆனா டீச்சர் இல்லாம அந்தக் கதையைச் சொல்ல மனசு வரலை. அதான் கையில ஒரு சாயாத் தட்டையாவது கொடுத்து உள்ளே கொண்டுவந்தேன்."

எனக்குக் கையில் ஒரு துண்டு குத்தி ரத்தம் வந்தது. அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை.

"நல்ல சாயான்னு வேற சொன்னீங்களாமே," என்றார் டீச்சர் கடைசியில்.

"சொல்றதுன்னு ஆனப்புறம் மோசம்னு சொல்ல முடியுமா டீச்சரே?"

டீச்சர் சிரித்ததும்தான் மண்டபம் சிரித்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. யாரோ இரண்டு நாற்காலிகளை மேடையில் கொண்டுவந்து போட்டார்கள். மாஷையும் கைத்தாங்கலாக மேலே ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள், பாதி நேரம் ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். அதிகாரியின் உரை, பரிசளிப்பு எல்லாம் அடிபட்டுப் போயின. சுதாகரன் மாஷ் மட்டும் ஓரமாக நின்று, பேச்சு நின்ற ஒரு இடைவெளியில் "ஆகவே அன்பர்களே" என்று மீதி வசனத்தை முடித்துவிட்டுத்தான் வேட்டி மாற்றப் போனார்.

நான் பின்பக்க வழியாக நழுவப் பார்த்தேன். தங்கம் டீச்சர் விடவில்லை. கைக்கு அவர் புடவைத் தலைப்பால் கட்டுப்போட்டுக்கொண்டே, "எழுத்து நல்லாத்தான் இருந்தது. அதுல வந்த நான்தான் சரியில்லை," என்றார். எந்த விமர்சகரும் என்னிடம் இவ்வளவு கருணை காட்டியதில்லை.

அந்த வருட நிர்வாகக் குழுத் தேர்தலில் நான் நின்றேன். எங்கள் ஆட்கள் யாருக்கும் என் கொள்கை என்னவென்று தெரியாது. ஆனால் சாயா கொட்டிய டீச்சர் என்றால் சுள்ளிக்கல்லிலிருந்து கும்பளங்கி வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுலபமாக ஜெயித்தேன். நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இன்றுவரை என் கையில் யாரும் சூடான எதையும் கொடுப்பதில்லை.

என் கணவர் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. முதல் இரண்டு நிமிடம் மேடை தெரியும். அதன் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் போன் மல்லாந்துவிட்டதால், மிச்சம் முழுக்க மண்டபத்தின் மின்விசிறிதான் சுற்றுகிறது. படம் இல்லாத தைரியத்தில் அவர் கதையைப் பெருக்கிக்கொண்டே போகிறார். முதல் வருடம் தட்டு விழுந்தது. அடுத்த வருடம் நானும் விழுந்தேன். போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவர் சொன்னபோது அதிகாரியின் வழுக்கைத் தலையில் சாயா கொட்டி ஆவி பறந்தது.

"அவருக்கு வழுக்கையே இல்லை," என்று எதிர்ப்பந்தியிலிருந்து எழுந்து சொன்னேன்.

என் மகள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அம்மா, நீ சும்மா இரு. அப்பா உன்னை விட்டுட்டா கதை சொல்றார்?"