நாற்பத்தைந்து ஹெச்பியும் அரை ஏக்கரும்

டிராக்டரே வாங்காமல் டிராக்டரைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்ட மனிதர் உலகத்தில் இன்னொருவர் கிடையாது. திருப்பதியில் நான் வேலை பார்த்த டிராக்டர் ஷோரூமில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'லிஃப்டிங்'.

சனிக்கிழமை தவறாது. செருப்பை வாசலில் விட்டு, நாற்பத்தைந்து ஹெச்பி வண்டியைத் தொட்டுக் கும்பிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"சொல்லு தம்பி, மொதல்லேர்ந்து."

நகரியிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்த அலுப்போடு ஒப்பிப்பேன். மூன்று சிலிண்டர், இரட்டை கிளட்ச், பவர் ஸ்டீயரிங், ஆயில் பிரேக்.

"லிஃப்டிங்கு? பின்னாடி எவ்ளோ தூக்கும்?"

"ஆயிரத்து அறநூறு கிலோ."

"போன வாரமும் அதான் சொன்னே. ஏறவே இல்லியா?"

"தங்கம் வெலையாண்ணா, ஏறறதுக்கு?"

நிலம் இருக்கிறதா என்றால், "கீது, அரை ஏக்கர்" என்பார். அதில் இந்த வண்டியைத் திருப்பவே இடம் போதாது.

மாதக் கடைசிக்குள் ஒரு வண்டியாவது விற்காவிட்டால் என்னைச் சித்தூர் கிளைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். சித்தூரென்றால் தினமும் பஸ். வீடு திரும்புவதற்குள் குழந்தை தூங்கியிருக்கும். அலுப்பு தாங்காமல் லிஃப்டிங்கிடமே புலம்பினேன்.

"கவலப்படாத தம்பி. என் மச்சான் வண்டி வாங்கறேன்னு சொல்லிகினு கீறான். இட்டாரேன்."

சொன்னபடி அடுத்த சனிக்கிழமை அழைத்து வந்தார். எனக்கு வேலையே வைக்கவில்லை. அவரே கிளட்ச் முதல் தூக்கும் எடை வரை மூச்சுவிடாமல் சொன்னார். மச்சான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, எங்கிருந்தோ ஒரு சந்தேகம் வந்தது லிஃப்டிங்குக்கு.

"டேய், உன் மாந்தோப்புல மரமெல்லாம் நெருக்கமாத்தான கீது?"

"ஆமா மாமா."

"அப்ப இது வாணாம். கெளையெல்லாம் ஒடிச்சிடும். சின்ன வண்டி போதும்."

சின்ன வண்டி எதிர்க் கடையில்தான் இருந்தது. மச்சான் சாலையைக் கடந்து போய்விட்டார்.

"ஏன்ணா இப்பிடிப் பண்ணே?"

"பொய் சொல்லி வித்துட்டா, அடுத்த வாரம் எந்த மூஞ்சியோட நான் இங்க வந்து குந்தறது?"

தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை.

சித்தூரில் முதல் சனிக்கிழமை. இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், ஷோரூம் வாசலில் பழகிய செருப்பு. உள்ளே, நாற்பத்தைந்து ஹெச்பி சீட்டில் அவர்.

"அங்க புதுசா வந்தவன் சரியில்ல தம்பி. பாதில போனை நோண்டறான். அதான் பஸ் ஏறிட்டேன். சொல்லு, எவ்ளோ தூக்கும்?"

பையை இறக்கி வைத்தேன். மொதல்லேர்ந்து ஆரம்பித்தேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.