மஹய்யாவயின் ‘எங்க எழுதியிருக்கு’ அண்ணன்

கண்டியில் த்ரீவீல் ஓட்டுகிறவர்களில், வேதப்புத்தகத்தைக் கேட்காமல் ஒரு முடுக்குகூடத் திரும்பாதவர் அவர் ஒருவர்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று எழுதத்தான் கை வருகிறது. உலகம் முழுக்க நான் த்ரீவீலில் போனதில்லை என்பதால் கண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் மஹய்யாவயில் அதை யாரும் பாவிக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, “எங்க எழுதியிருக்கு?” என்று கேட்பார். அதுவே பெயராகிப் போனது. தபால்காரர்கூட என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, “எங்க எழுதியிருக்கு அண்ணன் வீட்டுல ஆள் இருக்கா?” என்றுதான் கேட்பார்.

என்னுடையது தேத்தண்ணிக் கடை. அவருடைய த்ரீவீல் நிற்கும் இடம் அதற்கு நேர் எதிரே. காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு, கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, பிளேன்டீக்கு வருவார். ஒரு கோப்பைக்கு நான்கு கரண்டி சீனி. டாக்டர் சீனியை விடச் சொல்லியிருந்தார். டாக்டரிடமும் அதே கேள்விதான். டாக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்டி, “இதோ, இங்க எழுதியிருக்கு” என்றாராம். அந்த எழுத்தை அண்ணன் ஏற்றுக்கொள்ளவில்லை.

பக்கத்து ஹார்ட்வெயார்க் கடை ஃபாரூக் நானாதான் ஒரு நாள் வாய் விட்டார். “தேன் கெடச்சாலும் அளவாத் தின்னணும்னு உங்கட புத்தகத்துல ஈக்கிற மாதிரி யாரோ சொன்னாங்களே.”

அண்ணன் அன்றைக்கு வந்த சவாரியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, த்ரீவீலின் பின்சீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். பகல் சாப்பாட்டு நேரம் கடைக்கு வந்தார். துக்க வீட்டுக்குப் போய் வந்த முகம்.

“இருக்குப்பா. இனிமே எனக்குச் சீனி போடாத.”

“தேன்னுதானேண்ணே இருக்கு? சீனின்னு இல்லையே?”

“சீனியைக் கண்டிருந்தா அதையும் எழுதியிருப்பாங்க” என்றார். அன்றோடு விட்டார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மறுபேச்சு இல்லை. பிறருக்கு மட்டும் வசனம் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் முதல் அடியைத் தன் முதுகில்தான் வாங்குவார்.

வாவிக்கரையில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் சும்மா கை காட்டி நிறுத்தினார். லைசன்ஸ் பார்க்கத்தான். இவர் இறங்கி, அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஆகவே சொல்லிவிடுகிறேன், அங்கே வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டேன் என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டார். பொலிஸ்காரர் அதைப் பார்த்திருக்கவே இல்லை. “யன்ன, அங்கிள், யன்ன” என்று கும்பிடாத குறையாகப் போகச் சொன்னாராம். இவர் போக மறுத்து, அபராதத் துண்டு எழுதும்வரை நின்றிருக்கிறார். பின்சீட்டில் கம்பளை ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம் இருந்தது. ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு முறை, மேல் லைன் வீடுகளில் கூடப் பிறந்த இரண்டு பேருக்குள் பலாமரம் யார் காணியில் நிற்கிறது என்று சண்டை. இருவரும் முருகன் கோவில் திருவிழாவில் காவடி எடுப்பவர்கள். ஆனாலும் தீர்ப்புக்கு இவரிடம்தான் வந்தார்கள். எல்லைக்கல்லை நகர்த்தக் கூடாது என்று எழுதியிருப்பதாகச் சொல்லி, நூல் பிடித்து அளக்க வைத்தார். அளந்துகொண்டே வந்ததில் பலாமரம் சரியான இடத்தில்தான் நின்றது. தீர்ப்புச் சொன்னவர் வீட்டுச் சுவர்தான் அடுத்தவர் காணிக்குள் ஒரு முழம் போயிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே சுத்தியலை எடுத்து இடிக்கத் தொடங்கிவிட்டார்.

அவருடைய மனைவி மேரி அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “நல்ல காலம்,” என்றார் எங்களைப் பார்த்து. “சோறாக்குற குசினி எந்த வசனத்துலயும் மாட்டல.”

இது அண்ணனைப் பற்றிய கதை என்றுதான் தொடங்கினேன். மேரி அக்காவை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

மேரி அக்கா கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வராது. ஆனால் அவர் ஒன்று சொன்னால் அதை நான் இரண்டு நாளைக்கு வாய்க்குள் வைத்திருப்பேன். “எங்க வீட்டுல மூணு பேருங்க. நானு, அவரு, அத்தியாயம்” என்பார். சோறு அடிப்பிடித்தால் ஒரு வசனம், தலைவலி என்றால் ஒரு வசனம், தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து போன முறுக்குக்கு ஒரு வசனம். “கறி நல்லாருக்குன்னு சொந்த வாயால சொன்னா நாக்கு தேஞ்சிருமா, கேளுங்க தம்பி.” அண்ணன் சிரித்துக்கொண்டே குணசாலியான மனைவியைப் பற்றி எழுதியிருப்பதைச் சொல்லத் தொடங்குவார். அக்கா குசினிக்குள் போய்விடுவார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், வெட்டினார்கள், கிழமைக் கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. அண்ணன் சவாரியைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். இருந்தவர் சும்மா இருக்கவில்லை. ஆறுதலான வசனங்களைப் பெரிய எழுத்தில் எழுதி அறை முழுக்க ஒட்டினார். கட்டிலுக்கு மேலே, அலுமாரிக் கதவில், யன்னலுக்குப் பக்கத்தில். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி வாசித்தும் விடுவார்.

நானும் என் மனைவியும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தோம். அண்ணன் நாங்கள் உட்காரக் கதிரை எடுத்துவர வெளியே போனார். அக்கா மெதுவாகச் சொன்னார். “இந்தப் பக்கம் திரும்பினா பயப்படாதேங்குது. அந்தப் பக்கம் திரும்பினா கலங்காதேங்குது. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல ஒரு சுவரு இல்ல தம்பி.”

என் மனைவி தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்து முடித்த பிறகும் தோலைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில்தான் கோட் போட்ட தம்பி ஒருவர் வந்து சேர்ந்தார். அண்ணனுடைய சபையைச் சேர்ந்தவர் இல்லை. வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிறவர். நல்ல குரல், நல்ல சப்பாத்து. ஜெபித்து முடித்துவிட்டு, விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை இரட்சிக்கும் என்று சொன்னார். இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் அது அவிசுவாசம், மருந்தை நிறுத்துங்கள் என்றார்.

அண்ணன் வழக்கப்படி தலையைச் சாய்த்தார். “எங்க எழுதியிருக்கு?”

தம்பி புத்தகத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். ஜெபத்தைப் பற்றி அங்கே எழுதித்தான் இருந்தது.

நானும் ஃபாரூக் நானாவும் வாசலில்தான் நின்றிருந்தோம். தேனைப் பற்றி எழுதியிருந்ததற்காகச் சீனியை விட்டவர். தன் சுவரைத் தானே இடித்தவர். ஃபாரூக் நானா என்னை ஓரமாக இழுத்து, “மருந்த நிப்பாட்டிருவாரோ? நீங்க கொஞ்சம் சொல்லுங்களே” என்றார். நான் அவரிடம் எந்தப் புத்தகத்தைக் காட்டுவது?

அடுத்த தடவை மருந்து ஏற்ற வேண்டிய நாள் காலையில் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் மடியில். வண்டியைக் கிளப்பவில்லை. பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. அந்த மழைக்குளிரிலும்.

மேரி அக்கா ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துணியுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படி இறங்கி வந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“மேரி,” என்றார் அண்ணன் திரும்பாமல். “எழுதியிருக்கே.”

“நீங்க வாசிச்சுக் காட்டினதுதான எனக்குத் தெரியும். வழியில அடிபட்டுக் கெடந்தவனுக்கு ஒருத்தன் எண்ணெய ஊத்திக் காயத்தக் கட்டுனானே. அதுவும் அதே புத்தகந்தான?”

“ஆமா.”

“கட்டுறதுக்கு முன்னாடி நின்னு வசனம் சொன்னானா?”

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், மனதுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தார். “இல்ல” என்றார்.

“கழுதையில ஏத்திக் கொண்டு போனான்ல. நீங்க இந்தக் கழுதையக் கெளப்புங்க. லேட்டானா மருந்து ஏத்தற எடத்துல கதிரை கெடைக்காது.”

அண்ணன் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஜெபம் வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. வண்டி முடுக்குத் திரும்பும்வரை இரண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.

அந்த மருந்து அக்காவைக் காப்பாற்றிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். காப்பாற்றவில்லை. கொஞ்ச மாதங்கள் கொடுத்தது. பிறகு டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது, அண்ணன் சுவரிலிருந்த வசனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பசை பிடித்த இடங்களில் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அக்கா கட்டிலில் இருந்து வேடிக்கை பார்த்தார்.

“இவர் என்ன வாசிக்கிறதுன்னு கேட்டாரு தம்பி. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேட்டாரு.”

“அக்கா என்ன சொன்னீங்க?”

“அந்தப் பேரு வரிசைய வாசிங்கன்னேன். அவனுக்கு மகன் இவன், இவனுக்கு மகன் அவன்னு வருமே, அது.”

அண்ணன் கதிரையில் உட்கார்ந்து, இயலாமையோடு என்னைப் பார்த்தார். “எவ்வளவோ ஆறுதலான எடம் இருக்கு. சங்கீதம் இருக்கு. அந்தப் பேருங்கள்ல என்ன இருக்கு மேரி? நானே அதத் தாண்டித்தான் போவேன்.”

“அதுல நீங்க எனக்கு ஒண்ணும் சொல்ல வரல. ஒங்க கொரல் மட்டும் கேக்குது.”

அண்ணன் புத்தகத்தை விரித்தார். தாள்களைப் புரட்டி அந்த இடத்தைத் தேடினார். பிறகு வாசித்தார். அவற்றை அவர் பழகியிருக்கவில்லை என்பதால் பெயர்கள் நாக்கில் சிக்கின. ஒரு பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா கண்ணை மூடியபடியே, “பேரு வைக்கிறப்ப இவங்களுக்குப் பக்கத்துல வேண்டியவங்க யாரும் இருக்கலையா” என்றார். அண்ணன் சிரித்துவிட்டார். அந்த அறையில் வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. வாசித்துக்கொண்டே போனார். இடையில் ஓர் இடத்தில், “எனக்குப் பயமா இருக்குங்க” என்றார் அக்கா. அண்ணன் பயப்படாதே என்று சொல்லவில்லை. “எனக்கும்தான்” என்றார். அடுத்த பெயரை வாசித்தார்.

நான் கஞ்சியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேரி அக்கா ஒரு மழை நாளில், வாசிப்புக்கு நடுவிலே போனார். எந்தப் பெயரில் என்று அண்ணனுக்குத் தெரியாது. தூங்குகிறார் என்று நினைத்து அந்த அத்தியாயத்தை முடித்திருக்கிறார்.

மரண அறிவித்தல் அடிக்கிற கடையிலிருந்து ஆள் வந்து, படத்துக்குக் கீழே என்ன வசனம் போடுவது என்று கேட்டான். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் யார் போனாலும் அந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிறவர் அண்ணன்தான். போனவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி கொடுப்பார். அன்றைக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர், விரிக்காமலே திரும்ப வைத்தார்.

“பேரை மட்டும் போடுங்க” என்றார்.

கோட் போட்ட தம்பியும் மரண வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, விசுவாசம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் என்று தொடங்கினார். ஃபாரூக் நானா சட்டைக் கையை மடிக்கத் தொடங்கியதைப் பார்த்து நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் எழுந்து வந்தார். குரல் உயரவில்லை.

“எழுதியிருக்கிறது எல்லாம் உண்மைதான் தம்பி. அதை நான் இன்னைக்கும் விடல. ஆனா எதை எங்க வாசிக்கிறதுன்னு கேட்டுட்டு வாசிங்க. நான் கேக்காம எத்தனையோ வருசம் வாசிச்சுட்டேன்.”

தம்பி பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து பல நாட்கள் அண்ணன் யாரிடமும் ‘எங்க எழுதியிருக்கு’ என்று கேட்கவில்லை. அவர் கேட்கட்டும் என்று நாங்கள் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசினோம். இந்த மழைக்கு ஒரு வசனம் இருக்கிறதாமே என்று ஃபாரூக் நானா கொக்கி போட்டார். “இருக்கும் நானா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைத்தார்.

போன மாதம் ஒரு காலை, கடையில் கூட்டம் கலைந்த நேரத்தில் புத்தகத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“வீட்டுல வாசிச்சா சத்தம் போய்ச் சுவத்துல முட்டுதுப்பா. இங்க கொஞ்சம் வாசிக்கட்டுமா? ஒனக்கு ஒண்ணும் சொல்ற எடமில்ல. பேருங்கதான்.”

“வாசிங்கண்ணே.”

அன்றிலிருந்து தினமும் வருகிறார். இப்போது பெயர்கள் சிக்குவதில்லை, வழவழவென்று போகின்றன. பணிஸ் வாங்க வருகிறவர்கள் அவர் மூச்சு விடும் இடம் வரும்வரை காத்து நின்று, பிறகு கேட்கிறார்கள். நான் திருநீறு பூசுகிறவன். அந்த வரிசையில் அப்பனையும் தெரியாது, மகனையும் தெரியாது. அவர் வாசிக்கும்போது ரேடியோவை நிறுத்திவிடுகிறேன், அவ்வளவுதான். அந்தப் பெயர்கள் முடிவதற்கு இன்னும் சில அத்தியாயங்கள்தான் பாக்கி என்று நேற்றுச் சொன்னார். முடிந்ததும், எனக்குச் சரியாக விளங்கவில்லை, மறுபடியும் முதலிலிருந்து வாசியுங்கள் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.