சுடர்விழியின் காருக்குக் குழாய் தேடிய கதை

அறந்தாங்கி,
ஞாயிறு காலை.

அன்பு மாப்பிள்ளை நிலவழகனுக்கு உன் மச்சான் குணசேகரன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா திலகவதியும் உன் மருமகள் சுடர்விழியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். சார்ஜா வெயில் உன்னை அளவோடு வாட்டட்டும் என்று ஆவுடையார்கோவில் சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போனில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். "மச்சான், புள்ளைய எதுல ஏத்தி விடுறோம்னு யோசிச்சுத்தான் செய்றீங்களா?" என்று கேட்டிருந்தாய். பதிலையும் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உனக்கு நடந்ததில் பாதிதான் தெரியும். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது பிடித்துக்கொண்ட கார் பந்தய ஆசை, வேலைக்குப் போன பிறகும் சுடர்விழியை விடவில்லை. சம்பளத்தைச் சேர்த்துப் பழைய கார் ஒன்றை வாங்கினாள். அதன் உள்ளே இருந்த மெத்தை, பாட்டுப் பெட்டி, ஏசி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மண் பாதையில் ஓடும் பந்தயத்துக்கு அதைத் தயார் செய்தாள். மீமிசல் பக்கத்துப் பொட்டலில் ஓட்டிப் பழகும்போது வண்டி ஒரு மேட்டில் ஏறிக் கவிழ்ந்துவிட்டது. புள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கியபோது, அதன் கூரை நொறுங்கி, ஓட்டுகிறவர் தலைக்கு அரைச்சாண் மேலே வந்து நின்றிருந்ததை உன் அக்கா பார்த்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கார் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அந்தக் கூரைக்கும் ஒந்தலைக்கும் நடுவுல என்னத்தையாச்சும் வையி. வச்சு எனக்குக் காட்டு. அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

அதற்கு வழி இருக்கிறது என்றாள் சுடர்விழி. பந்தயக் காருக்குள் இரும்புக் குழாயை வளைத்து ஒரு கூண்டு மாதிரி வைத்து வெல்டு செய்வார்களாம். கார் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் அடியைக் கூண்டு வாங்கிக்கொள்ளுமாம். கூண்டு இல்லாமல் போட்டியில் சேர்க்கவே மாட்டார்களாம். குழாய் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, இந்த வட்டாரத்தில் குழாயைப் பற்றிப் பந்தல் காண்ட்ராக்டர் குணசேகரனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? ஆவுடையார்கோவில் திருவிழாவில் அடித்த காற்றில் என் பந்தலின் தகரமெல்லாம் பறந்து போய்க் கண்மாயில் விழுந்தது. என் குழாய்கள் மட்டும் நட்ட இடத்தில் நட்டபடி நின்றன.

"அப்பா, இது பந்தல் இல்லப்பா" என்றாள்.

"பந்தலும் கூரையைத்தானம்மா தாங்குது" என்றேன். பெரியவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டாள்.

மறுநாளே என் பந்தல் சாமான் கிட்டங்கியிலிருந்து, துத்தநாகம் பூசிய நல்ல ஜி.ஐ. பைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு ரெங்கராஜின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். வளைத்தால், வளைகிற இடத்தில் குழாய், இளநீர் குடித்துவிட்டுப் பிள்ளைகள் கடித்துப் போடுகிற உறிஞ்சுகுழல் மாதிரி சப்பிப் போனது. சரி, வெல்டாவது நிற்கட்டும் என்று பற்றவைத்தால் மேல்பூச்சு எரிந்து வெள்ளைப் புகை கிளம்பிப் பட்டறையே மார்கழி மாதமாகிவிட்டது. ரெங்கராஜ் வெளியே ஓடி வந்து இருமி இருமி, "அண்ணே, கல்யாணத்துக்கு வேணும்னா சொல்லுங்க, வாரேன். இந்தப் பைப்ப மட்டும் இனிமே எங்கிட்டக் கொண்டாராதீங்க" என்று கும்பிட்டான்.

மெல்லியது தப்பு என்றால் தடித்தது சரி. இதற்குப் படிப்பு எதற்கு? ஆழ்குழாய்க் கிணற்றுக்கு இறக்குகிற கேசிங் பைப்பை ஏற்றிக்கொண்டு வந்தேன். அளவு பார்க்க இரண்டு துண்டுகளைத்தான் காருக்குள் வைத்தோம். வண்டியின் பின்பக்கம் கன்று போட்ட மாடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. சுடர்விழி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயமில்லப்பா. இத வச்சா வண்டி கவுழவே கவுழாது. ஏன்னா நகரவே நகராது" என்றாள்.

நான் தளர்ந்துவிடவில்லை. மீமிசலில் படகுக்குக் கைப்பிடி போடுகிறவர் ஒருவர் எவர்சில்வர் குழாய் வைத்திருந்தார். கடல் அலையையே தாங்குகிற சாமான். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அதில் ஏறியிருந்த மீன்வாடைக்குத் தெருப்பூனைகள் எல்லாம் நம் வீட்டு வாசலில் கூடிவிட்டன. சுடர்விழி போட்டிக்காரர்களின் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டி, "கார்பன் ஸ்டீல், தையல் இல்லாத குழாய்னு போட்டிருக்குப்பா. பளபளப்பப் பத்தி ஒரு வார்த்தை இல்ல" என்றாள்.

"அதென்னடி குழாய்ல தையல்?" என்று உள்ளேயிருந்து உன் அக்கா குரல் கொடுத்தாள்.

சுடர்விழி விளக்கினாள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கிற குழாய், தகட்டைச் சுருட்டி ஓரத்தோடு ஓரம் ஒட்டியது. மற்றொன்று ஒட்டே இல்லாமல் முழுசாக இழுத்து எடுத்தது. திலகவதி ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்டுவிட்டு, "துணி எங்க முதல்ல கிழியும்? தையல்லதான கிழியும்? அந்தத் தையல் இல்லாததையே பாருங்க" என்றாள். இத்தனை நாள் எனக்குப் புரியாதது அவளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்ததற்குக் காரணம் அவளுடைய தொழில்தான். என் மேல் குறையில்லை.

திருச்சிக்குப் போனோம். முதல் கடையில் ஒரு குழாயைக் காட்டினார்கள். நான் போன் வெளிச்சத்தை அதற்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு. "தையல் இருக்கே!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன். கடைக்காரர் சிரித்து, "எல்லாம் ஒண்ணுதான் சார். மேல பெயின்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"கவுந்தா எனக்குத் தெரியும்" என்றாள் சுடர்விழி.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் குழாயைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த கடையில் சரியான குழாய் கிடைத்தது. உள்ளே வகிடு இல்லை. குழாயின் மேல் அடித்திருந்த எண்ணும் அவர்கள் கொடுத்த பரிசோதனைச் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வரும் பிரதான வளைவுக்குப் பெரியது, மற்றதற்குச் சற்றுச் சின்னது என்று விதிப்படி அளவு பார்த்து வாங்கினோம்.

உன் அக்காவிடம் சான்றிதழை நீட்டினால், "காயிதம் என் புள்ளையக் காப்பாத்துமா? என் கண்ணு முன்னால அமுக்கிக் காட்டுங்க" என்றுவிட்டாள். ஆகவே என் பந்தல் குழாயில் ஒரு வளைவும் புதுக் குழாயில் ஒரு வளைவும் செய்து, கிட்டங்கிப் பொட்டலில் நிறுத்தி, ஒரு ஜேசிபியை வரவழைத்தோம். முதலில் என் குழாய். ஜேசிபி வாளியை வைத்து அமுக்கியதும் அது கும்பிடுகிறவன் மாதிரி முட்டியை மடக்கிப் படுத்தது. படுத்ததோடு, ஒட்டிய இடத்தில் பட்டென்று வாயைப் பிளந்தது. மாப்பிள்ளை, உன்னிடம் என்ன மறைவு? அந்தக் குழாயின் கீழே சுடர்விழியின் தலை இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திலகவதி குழாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அடுத்தது புதுக் குழாய். ஜேசிபி அமுக்கியது, உறுமியது, இன்னும் அமுக்கியது. குழாய் கொஞ்சம் குனிந்து கொடுத்தது, கிழியவில்லை. கடைசியில் ஜேசிபியின் முன்சக்கரம்தான் தரையை விட்டு மேலே எழும்பியது. டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, நான் எறங்கிக்கிடவா?" என்று கத்தினார். உன் அக்கா முந்தானையை அவிழ்த்துச் சாவியைச் சுடர்விழியின் கையில் வைத்து மூடினாள். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். புள்ளை அம்மாவைக் கட்டிக்கொண்டு விசும்பியது. நான் ஜேசிபிக்கு வழி காட்டுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

கூரையை நிமிர்த்தி, கூண்டு வைத்து, வெல்டும் முடிந்தது. போட்டிக்காரர்களின் அதிகாரி வந்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்துச் சம்மதம் சொன்னார். "பைப் யார் செலக்ட் பண்ணது?" என்று கேட்டார். சுடர்விழி வாயைத் திறப்பதற்குள் நான் ஓரடி முன்னால் வந்துவிட்டேன்.

வரும் வாரம் பந்தயம். ஆகவே மாப்பிள்ளை, நீ அங்கே நிம்மதியாக இரு. எனக்குப் பயம் என்பது எள்ளளவும் இல்லை. அந்தக் குழாயை நம்பிக் குடும்பத்தையே உட்கார வைக்கலாம். உன் கையும் காலும் நலமாக இருந்து, போகிற காரியமெல்லாம் ஜெயமாகி, விடுமுறைக்கு வந்து எங்களோடு இருந்து சாப்பிடுகிற நாளை எதிர்பார்க்கும்,

உன் மச்சான்,
குணசேகரன்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு விஷயம் தெரியவந்தது. இந்தப் பந்தயத்தில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல இன்னொரு ஆள் வேண்டுமாம். அந்த ஆள் உன் அக்காவாம். பேர் கொடுத்து, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. இப்போது கண்ணாடி முன் நின்று, ஹெல்மெட் இறங்கவில்லை என்று கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். பயமில்லை என்று நான் எழுதிய இடங்களை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். அங்கே இதைவிடக் கனமான குழாய் கிடைக்குமா என்று இன்றே விசாரி. கிடைக்காவிட்டால் நீயே புறப்பட்டு வந்து உன் அக்காவிடம் பேசு. எனக்கு வாடகைக்கு ஜேசிபி பிடிக்கத்தான் தெரியும்.