உள்பக்கத்துப் பக்கிள்

வலன்ரைனுக்கு உட்கார முடியவில்லை.

மஹய்யாவ வீட்டு முன்னறையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, எதிரே கிடந்த கதிரையை முறைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கால்களிலும் கணுக்கால் தொடங்கிப் பாதித் தொடை வரைக்கும் கித்தான் போர்த்திய கால்மெத்தைகள். முழங்கால் மடங்கமாட்டேன் என்றது. மீறி உட்காரப் போனால் மெத்தையின் மேல்நுனி வயிற்றில் குத்தியது. வார்களோ கெண்டைக்காலைச் சுற்றி வரமுடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டன. மனைவி மேபல் அவற்றைச் சணல் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள்.

"மனுசன் போடுற சாமானா இது?"

"கத்தாதீங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! நாப்பத்திரண்டு வயசுல என்னைய ஹொக்கி ஆட விட்டுட்டானுங்க. ஊருக்கே நல்லாக் கேக்கட்டும்!"

கோபம் நியாயமான கோபம்தான். கண்டியில் ஒரு தேயிலை ஏஜன்சிக் கந்தோரில் வலன்ரைன் கிளாக்கர். அந்தக் கந்தோருக்கும் மடுல்கெல்லத் தோட்டத்துக்கும் வருசா வருசம் போகம்பரை மைதானத்தில் ஒரு ஹொக்கி ஆட்டம் நடக்கும். வலன்ரைன் பத்து வருசமாக அதைத் தூரத்தில் நின்று, கையில் கடலைச் சுருளோடு பார்த்தவர். அப்படியே இருந்திருக்கவேண்டிய மனுசன். அந்தத் திங்கட்கிழமை காலையில் தியாகராஜா நொண்டி நொண்டி வந்து அதைக் கெடுத்தார்.

தியாகராஜா யாழ்ப்பாணத்து மனுசர். ஆறடி உயரம், ஈர்க்குச்சி உடம்பு. கந்தோரில் டைப் அடிப்பவரும் அவர்தான், கோல் காப்பவரும் அவர்தான். வலது காலில் கட்டோடு வந்து, மேசையில் ஒரு பெரிய பொட்டலத்தை இறக்கிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காணும் வலன்ரைன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். மடுல்கெல்லக் கந்தோருக்கு இஞ்சயிருந்து ஒரு கிளாக்கரை மாத்தப் போகினம். உம்மடை பேர்தான் அடிபடுது."

"என் பேரா? நான் என்னய்யா செஞ்சேன்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிழை. துரைக்கு உம்மை ஆரெண்டே தெரியாது. என்னைப் பாரும், பன்னிரண்டு வருசமா இஞ்சதான் இருக்கிறன். ஏன்? கோல் காக்கிறனான். தன்ரை கோல்காரனை எந்தத் துரை விடுவான்? இந்தமுறை எனக்குக் கால் சுளுக்கிப்போச்சு. நீர் நில்லும். ஒரு கோலும் விடாமல் பிடியும். பிறகு உம்மை ஒருத்தரும் அசைக்கேலாது."

பொட்டலத்தில் இருந்தவைதான் இந்தக் கால்மெத்தைகள்.

மடுல்கெல்லப் பனிக்கும் அட்டைக்கும் வலன்ரைன் பயந்தவரில்லை. மேபல் ஏழு வருசம் தற்காலிக ஆசிரியையாக இருந்து, இந்தத் தை மாதம்தான் கண்டிப் பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாகியிருந்தாள். மாற்றம் என்ற பேச்சைக் கேட்டதும் அவள் சொன்னது ஒரே வார்த்தை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வேலைய விடமாட்டேன்."

அவள் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததால்தான் அவருக்குக் கோபம் கூடியது. மலையுச்சியில் ஒரு மேசை, ஒரு தட்டு, எதிரே யாருமில்லை. மேபல் இல்லாமல் என்னால் இருக்கமுடியாது என்று சொல்ல வாய் வராத மனுசர். ஆகவே கத்தினார்.

"அடியில நாலு விரக்கடை வெட்டிட்டாச் சரியாப் போயிடும்" என்றாள் மேபல். பள்ளிக்கூடத்தில் அவள் தையல் ஆசிரியை.

"வெட்டு! எல்லாத்தையும் வெட்டு!"

வெட்டினாள். உள்ளே இருந்தது இலவம் பஞ்சு. கத்தரி பட்டதும் அடைத்து வைத்திருந்த பஞ்சு முழுவதும் வெளியே பாய்ந்தது. ஜன்னல் காற்று அதை அள்ளி வீடு பூராவும் இறைத்தது. வலன்ரைன் பதினேழு தும்மல் தும்மினார். மிச்சம் இருந்தவை இரண்டு வெறும் பைகள்.

"அளவு சரியா இருக்கு பாருங்க" என்றாள் மேபல், பையைத் தூக்கிப் பிடித்து.

வலன்ரைன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பேசியிருந்தால் மஹய்யாவக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியாருக்கு அந்த வாரம் வேலை கூடியிருக்கும்.

செவ்வாய் பின்னேரம் பைகளைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். தாஸிம் நானாவின் கடை அங்கே. குதிரைச் சேணம், வண்டிச் சீட்டு, தோல் வார், எல்லாம் அவர் கையால் நடக்கும். தாஸிம் ஒரு முக்காலியைக் காட்டி, காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, குதிரைக்குப் பிடிக்கும் நாடாவால் அளந்தார்.

"மாஷா அல்லாஹ்! இது காலா, தூணா?"

"அளவ மட்டும் எடுங்க நானா!"

"எடுக்கிறேன், எடுக்கிறேன். பஞ்சு வேணா மாத்தயா. தேங்காத் தும்பும் தூளுமா அமத்தி அடைச்சித் தாறேன். வண்டிச் சீட்டுக்கு அதுதான் போடுறது. பந்து பட்டா பந்துக்குத்தான் நோகும். வார் மாட்டுற பக்கிள் வெளிப்பக்கம் வெக்கிறேன்."

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். மனுசருக்கு இரண்டு நாளாகச் சும்மா இருக்க வரவில்லையே!

"வெளிப்பக்கமா? பந்து பட்டு உடைஞ்சா யாரு பொறுப்பு? உள்பக்கம் வைங்க."

"உள்பக்கம் வெச்சா நடக்கக்குள்ள ஒண்ணோட ஒண்ணு கொளுவிக்கும் மாத்தயா."

"அடிவாங்கப் போறது என் காலு! உள்பக்கம்னா உள்பக்கம்!"

"சரி, சரி. முப்பது வருசமா இந்தத் தொழில் செய்றேன். ஒரு குதிர என்னப் பாத்து இப்பிடிச் சத்தம் போட்டதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே தாஸிம் பக்கிள்களை உள்பக்கம் வைத்தார்.

வியாழக்கிழமை கால்மெத்தைகள் கந்தோருக்கே வந்து சேர்ந்தன. தியாகராஜா அவற்றைத் தட்டிப் பார்த்தார். பலகையைத் தட்டிய சத்தம் வந்தது.

"அருமை, காணும்! ஒரு பந்தும் போகாது" என்று மனம் நிறைந்து பாராட்டிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

பக்கத்தில் நின்ற பியோன் வீரய்யா தலையைச் சொறிந்தான்.

"ஐயா, தியாகராஜா ஐயாவுக்குத் திங்கக்கெழம வலது கால்லதானே கட்டு இருந்திச்சு? இப்ப இடது கால்ல இருக்கே?"

"ஒன் வேலையப் பாரு வீரய்யா! அவனவன் கால் வலி அவனவனுக்கு!"

வீரய்யா தன் வேலையைப் பார்க்கப் போனான்.

தாஸிம் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் வையுங்கள், இரண்டு நாளில் பதமாகும், தண்ணீர் மட்டும் காட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை வலன்ரைன் ஒரு போத்தல் எண்ணெய் பூசினார். மணத்துக்கு எறும்பு வந்ததே தவிர மெத்தை இளகவில்லை. ஆட்டமோ நாளைக்கு.

"தண்ணியில ஊறினா இளகாத சாமான் ஒலகத்துல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டையும் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமுக்கினார்.

"வேணாங்க" என்றாள் மேபல்.

"நீ வெட்டினப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

"பதினேழு தும்மல் தும்மினீங்க."

தும்பு இளகும் ஜாதியில்லை. தும்புத்தூள் தண்ணீர் குடிக்கும் ஜாதி. சனிக்கிழமை காலையில் பீப்பாயிலிருந்து எடுத்தபோது கால்மெத்தை ஒவ்வொன்றும் இரண்டு பங்கு பருத்து, ஒரு சின்னக் கதவு அளவுக்கு நின்றது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் வெளியே எடுத்தார்கள். ரிக்சாக்காரன் பார்த்துவிட்டு இரண்டு சவாரி என்றான். அவனோடும் ஒரு சண்டை.

மைதானத்தில் மேபல் ஒரு தலையணையை அவர் வயிற்றில் வைத்துச் சேலைத் துண்டால் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"நெஞ்சுல பட்டா? பேசாம நில்லுங்க." முடிச்சை இறுக்கியவள் கையை உடனே எடுக்கவில்லை. "எப்படியாவது பிடிச்சிருங்க" என்றாள் மெதுவாக.

அதற்கு மேல் அந்த மனுசருக்கு வேறென்ன வேண்டும்? காலை அகட்டி அகட்டி நடந்து கோலுக்குள் போய் நின்றார். சனம் சிரித்தது. சிரித்த ஒவ்வொரு முகத்தையும் திங்கட்கிழமைக்காக மனதில் குறித்துக்கொண்டார்.

மடுல்கெல்லத் துரை சிவந்த மீசைக்காரர். விசில் ஊதி ஐந்து நிமிசத்தில் பந்தோடு தனியாக வந்து ஓங்கி ஒரு அடி. வலன்ரைன் பயத்தில் இரண்டு காலையும் சேர்த்தார். பந்து தும்பில் மோதி, ஓசையில்லாமல் அவர் காலடியில் விழுந்தது. மெத்தையிலிருந்து பீச்சியடித்த எண்ணெய்த் தண்ணீர் துரையின் முகத்தில் போய் விழுந்தது.

கூடவே இன்னொரு சத்தம் கேட்டது. டக்.

வலது காலின் மூன்று பக்கிள்களும் இடது காலின் மூன்று பக்கிள்களும் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டிருந்தன. வலன்ரைன் இழுத்தார். வரவில்லை. குனிந்து கழற்றப் பார்த்தார். தலையணை குனிய விடவில்லை. இனிமேல் அவருக்கு இரண்டு கால் இல்லை, ஒன்றுதான்.

"தாஸிம்!" என்று அடித்தொண்டையால் ஒரு கத்து கத்தினார். வேலிக்கு வெளியே கூட்டத்தில் நின்ற தாஸிம், "நான் சென்னேன்தானே மாத்தயா!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது சரியில்லை. அலுமாரி ஒன்று கோலுக்குள் துள்ளியது. பந்து இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் ஒரு துள்ளல், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம் ஒரு துள்ளல். காலுக்கு நடுவே போக இடமே இல்லை. ஒவ்வொரு பந்தும் அவர் கண்ணுக்கு ஒரு மாற்றக் கடிதமாகத் தெரிந்தது.

"மடுல்கெல்லவுக்கா கூப்பிடுற? போ! போ அங்கிட்டு!" என்று பந்தைப் பார்த்துக் கத்தினார். பன்னிரண்டு அடி, பன்னிரண்டும் திரும்பிப் போயின. துரை நனைந்து எண்ணெய் வடிந்தார்.

கடைசி நிமிசத்தில் பந்து மூலையைப் பார்த்துப் போனது. துள்ளினால் எட்டாது. வலன்ரைன் யோசிக்கவில்லை, வெட்டிய மரமாகக் குப்புறச் சாய்ந்தார். பந்து தலையணைக்கு அடியில் சிக்கியது. கந்தோர் ஒன்று, மடுல்கெல்ல சைபர். அவரை நிமிர்த்த நாலு பேர் தேவைப்பட்டது.

மடுல்கெல்லத் துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வந்து கையைக் குலுக்கினார்.

"நல்லது கிளாக்கர்! ரொம்ப நல்லது! என்ன பேர்?"

சொன்னார். துரை இன்னொருமுறை சொல்லச் சொல்லி, சிகரட் பெட்டியில் எழுதிக்கொண்டார். வலன்ரைனுக்கு ஒரு வாரத்தில் முதல்முறையாகக் கோபம் இறங்கியது. பத்து வருசம் கழித்து ஒரு துரைக்குத் தன் பேர் தெரிந்துவிட்டது. இனி யார் அசைப்பது? மேபலைப் பார்த்துக் கையாட்டினார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை சிரித்த முகத்தோடு கந்தோருக்குப் போனவரிடம், வீரய்யா ஒரு நீட்டுக் கடித உறையை நீட்டினான். வரும் முதலாம் திகதி முதல் வலன்ரைன் மடுல்கெல்லத் தோட்டக் கந்தோருக்கு மாற்றப்படுகிறார்.

மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் மடுல்கெல்லதான்.

"ஒரு கோல் விட்டேனா? ஒண்ணே ஒண்ணு விட்டேனா?" அவர் குரல் கத்தலில் தொடங்கி நடுவிலேயே உடைந்தது. "இப்ப நான் மேபல்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அப்போது தியாகராஜா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். காலில் கட்டு இல்லை, வாயில் சீட்டி. வலன்ரைன் கையிலிருந்த கடிதத்தைக் கண்டதும் சீட்டி நின்றது.

"தியாகராஜா! கோல் காத்தா ஒருத்தனும் அசைக்கமாட்டான்னு சொன்னீரே!"

"ஓம்... சொன்னனான்தான்... இருக்கிற வேலையைப் பாப்பம், காணும்" என்று தியாகராஜா டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, கடதாசி போடாமலே படபடவென்று அடிக்கத் தொடங்கினார்.

வீரய்யா வலன்ரைனின் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"ஐயா, மடுல்கெல்லத் தொர கேட்டதே கோல் காக்கிற கிளாக்கரத்தாங்க, போன வாரம் நான் தொர மேசைக்குத் தூக்கிட்டுப் போன கடுதாசியில தியாகராஜா ஐயா பேருதான் இருந்திச்சு."