தண்ணீரை மேலே கொண்டுவந்த குவாரி

நிலத்தடி நீரை உயர்த்த மனித குலம் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறது. அணை கட்டியது, குளம் வெட்டியது, யாகம்கூடச் செய்து பார்த்தது. மண்ணை அள்ளி லாரியில் ஏற்றி அனுப்பினால் தண்ணீர் தானாக மேலே வரும் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை மட்டும் சங்ககிரிப் பக்கத்துக் கிராவல் குவாரி ஒன்றையே சேரும்.

அந்த உண்மையை அளந்து எழுதியவள் மோகனப்பிரியா. பகலில் குவாரி ஆபீசில் வேலை, மாலையில் சூரமங்கலத்தில் சிவில் டிப்ளமோ வகுப்பு. எதையும் மூன்று முறை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால் டேப்பின்மேல் சந்தேகம் வரும். டேப்பும் சரியென்றால் தன்மேல் வரும்.

குவாரி நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு இருந்தது. 'கண்காணிப்புக் கிணறு' என்று பச்சைப் பலகை. மண் எடுப்பதால் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக அதைப் போடச் சொல்லி அனுமதி ஆணையிலேயே இருந்தது. மாதம் ஒருமுறை குழாயின் வாயிலிருந்து தண்ணீர் வரைக்கும் அளக்க வேண்டும். முதல் மாதம் முப்பது அடி.

பொக்லைன் வெட்ட வெட்டத் தரை இறங்கியது. குழாய் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. லாரி திரும்ப இடைஞ்சல். அவ்வப்போது அதைத் தரை மட்டத்துக்கு அறுத்துவிடும்படி மேலாளர் பூபதி உத்தரவிட்டார். அறுத்த துண்டுகளும் வீணாகவில்லை. மண் நிரப்பி வேப்பங்கன்று நட்டு, 'மறுசீரமைப்புப் பணி' என்று போட்டோ எடுத்து மேலே அனுப்பினார்கள். தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்க இன்னொரு போர்வெல் நாள் முழுக்க இறைத்தது. அது 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு'.

ஐந்தாம் மாதம் அளவு இருபத்திரண்டு அடி. தண்ணீர் எட்டடி உயர்ந்துவிட்டது! பூபதி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் முத்தாயம்மாள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருந்த ஒரு ஏக்கர் காடு. கிணறு நாற்பது அடி. போன தையில் முப்பதில் தண்ணீர் நின்றது.

"ஏன் அம்மிணி, உங்க குழாயில தண்ணி ஏறுதுங்கறாங்க. எங்கிணத்துல மோட்டார் காத்தை இழுக்குது. கெழங்கு புடுங்க இன்னும் அஞ்சு மாசம் கெடக்குது. அது போச்சுன்னா நான் போச்சு. கொஞ்சம் வந்து பாரு சாமி."

மோகனப்பிரியா போய் மூன்று முறை அளந்தாள். முப்பத்தாறு. திரும்பி வந்து குழாயை அளந்தாள். இருபத்திரண்டு. நடுவில் பதினான்கு அடி எங்கே போயிற்று? டேப்பைச் சந்தேகித்தாள். தன்னைச் சந்தேகித்தாள். வேறு யாரும் மிச்சமில்லாததால் வேப்பங்கன்றுகளைச் சந்தேகித்தாள். ஏழு கன்றுகள். ஒவ்வொரு குழாய்த் துண்டும் சரியாக இரண்டு அடி.

பூபதியிடம் ஓடினாள். "சார், தண்ணி ஏறலைங்க. நாமதான் எறங்கிட்டோம். நெசத்துல தண்ணி ஆறடி கீழ போயிருக்குதுங்க."

"ஆர்டர்ல எங்கிருந்து அளக்கச் சொல்லியிருக்குது?"

"குழாய் வாயிலிருந்துங்க."

"நீ எங்கிருந்து அளந்தே?"

"குழாய் வாயிலிருந்துதானுங்க."

"அப்புறம் என்ன சந்தேகம்? டிப்ளமோ முடிச்சுட்டியா அம்மிணி?"

"இன்னும் ஒரு வருசம் இருக்குதுங்க."

"அதானே பார்த்தேன்."

படித்து முடிக்காதவள் எப்படிச் சந்தேகப்படலாம்? அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த நான்கு மாதத்தில் குழி நாற்பத்து நான்கு அடிக்கு இறங்கியது. குழாயின் வாயிலேயே தண்ணீர் தளும்பியது. டேப்புக்கு வேலையில்லை, மோகனப்பிரியா மூன்று முறை விரலை நனைத்துப் பார்த்துவிட்டு 'பூஜ்யம்' என்று எழுதினாள். குழியில் தேங்கிய நீரில் பூபதி நான்கு வாத்துகளை விட்டார். பார்வையிட வந்த ஆய்வுக் குழுத் தலைவர் பாலசுந்தரம் வாத்துகளைக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

வாடிய கிழங்குச் செடி ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு முத்தாயம்மாள் குழிக்குள் இறங்கி வந்தாள்.

"சாமி, எங்கிணறு சுத்தமா காஞ்சு போச்சுங்க. பாருங்க, கெழங்கு வெரல் தண்டிகூட இல்லீங்க."

தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். "தண்ணி தரைக்கே வந்தாச்சேம்மா! உங்க நிலம்தான் தேவையில்லாம நாப்பத்தி நாலடி உயரத்துல இருக்கு."

"அது எங்கீங்க ஏறுச்சு? எங்க மாமனார் காலத்துல இருந்து அங்கயேதானுங்க கெடக்குது!"

"அதான் பிரச்சினையே," என்றார் தலைவர் வருத்தத்தோடு.

முத்தாயம்மாள் திரும்பினாள். "நீதானே அம்மிணி வந்து அளந்தே? சொல்லு."

மோகனப்பிரியாவின் பையில் இருந்த நோட்டில் குழாய்த் துண்டுகளின் கணக்கு முழுவதும் இருந்தது. பூபதியைப் பார்த்தாள். வாத்துகளைப் பார்த்தாள். மூன்று முறை யோசித்தாள்.

"அளவு சரிதானுங்க."

"சரிதான் சாமி," என்றாள் முத்தாயம்மாள். "குழிக்குள்ள நின்னு அளந்தா எல்லாஞ் சரியாத்தான் இருக்கும்."

பக்கத்து நிலத்தின் 'மிகை உயரத்தை' நீக்கி அந்தக் குடும்பத்தைத் தண்ணீரோடு சேர்த்துவைக்கும்படி குழு பரிந்துரைத்தது. கிணறும் கிழங்கும் போன காட்டை முத்தாயம்மாள் குவாரிக்கே குத்தகைக்கு விட்டாள். அங்கேயும் ஒரு குழாய் இறக்கி, பச்சைப் பலகை நட்டார்கள்.

முதல் அளவு நாற்பத்தாறு அடி. 'முன்னேற நல்ல வாய்ப்பு உள்ளது' என்று குறிப்புப் பகுதியில் எழுதிக் கையெழுத்திட்டாள் மோகனப்பிரியா. இம்முறை ஒரே ஒரு தடவைதான் அளந்தாள். சந்தேகமே வரவில்லை. டிப்ளமோ முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது, அதற்குள் தேறிவிட்டாள்.