ஓட்டை நைனாவின் பத்துத் தட்டுகள்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஓட்டை விழுந்தால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஓட்டை நைனாதான்.

அப்போது நான் ராயபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டைப்பிஸ்ட். அவர் அங்கே உதவியாளர். கண்ணாடித் தட்டில் பாக்டீரியா பாலாடை மாதிரிப் படர்ந்திருக்கும். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸை அதில் விட்டால், தின்ற இடமெல்லாம் ஓட்டை. அதை எண்ணுவதுதான் நைனாவின் வேலை. பழக்கதோஷத்தில் தோசையில் விழுந்த ஓட்டையைக்கூட எண்ணிவிட்டுத்தான் பிட்டு வாயில் போடுவார்.

புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தைத் தட்டில் கலந்தால் வைரஸ் பெருகாது. ஆனாலும் எங்காவது ஒன்றிரண்டு ஓட்டை விழும். அதிலிருந்து எடுத்த வைரஸின் வாரிசுகளை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. கலக்கிக் கலக்கி நைனாவின் கையும் முகமும் மஞ்சளாகிவிட்டன. டோல்கேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி, காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து அவர் வாயில் திணித்தேவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா!"

"முத்திப்போனவன்லாம் இப்டித்தான் சொல்வான். முயுங்கு!"

மறுநாளும் அதே வழியில் போனார். கேட்டதற்கு, "பாவம், அரைச்சு வெச்சிகினு நிக்குமே" என்றார்.

அவர் மனைவி பவுனுக்கு டி.பி. புதிதாக வந்த ஊசியில் நன்றாகத் தேறினாள். மழையில் ரோடு மூழ்கி, மூன்று நாள் நைனாவால் அவளை ஊசிக்குக் கூட்டிப்போக முடியவில்லை. சில வாரத்தில் நோய் மருந்துக்குக் கேட்கவேயில்லை. "கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு" என்றார் டாக்டர். தை பிறக்குமுன் பவுனு போய்விட்டாள்.

காரியம் முடித்து வேலைக்கு வந்தார். ஒருநாள் என்னிடம், "நாந்தான் ரோசிம்மா அதைப் பயக்கிட்டேன்" என்றார்.

பிறகு யாரையும் கேட்காமல் ஒன்று செய்தார். பத்துக் குழாய்களில் மருந்தே காட்டாமல் வைரஸைத் தனித்தனியாக வளர்த்தார். ஒவ்வொன்றையும் மஞ்சள் மருந்து கலந்த ஒரு தனித் தட்டில் ஊற்றினார்.

"மருந்து கத்துக்குடுத்திருந்தா, பத்துலயும் ஏறக்குறைய ஒரே மாரி ஓட்டை வுழணும்."

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். ஒன்பது தட்டுகளில் ஒன்றிரண்டு, அல்லது ஒன்றுமேயில்லை. ஒரு தட்டில் மட்டும் சல்லடை.

"பாரு, இந்தக் குழாயில ஒர்த்தன் மஞ்சளைப் பாக்காமயே மாறிப் பொறந்துட்டான். முன்னாடியே பொறந்து குடும்பம் பெருத்துகினான். மருந்து மத்தவனைத் தடுத்துச்சு, இவன் தப்பிச்சான். யாரும் பயக்கல." தட்டைக் கீழே வைத்தார். "பவுனுக்குள்ளயும் அப்டித்தானே நடந்துகீது? நான் ஒண்ணும் பண்ணலல்ல?"

வைரஸுக்குச் சரியான கணக்கு டி.பி. கிருமிக்கும் சரியா? அந்த மூன்று நாள் அதற்கு இடம் கொடுத்ததா? டைப்பிஸ்டுக்கு என்ன தெரியும்!

"நீ ஒண்ணும் பண்ணல நைனா" என்றேன்.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பவுனு போன பிறகு முதல்முறையாக, ஓவென்று அழுதார். அடுத்த அறையில் அதிகாரிகள் இருந்தார்கள். நான் என் இடத்துக்கு ஓடி, என்ன எழுத்து விழுகிறது என்று பார்க்காமல், அவர் அழுது முடிக்கும்வரை டைப்ரைட்டரைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தேன்.